பெத்கெலர்ட்: பொய்க் கல்லறையும் மெய் வரலாறும்

வடக்கு வேல்ஸில் எரிரி மலைகளுக்கு நடுவே, கிளாஸ்லின், கோல்வின் என்னும் இரண்டு ஆறுகள் கூடுமிடத்தில் இருக்கிறது பெத்கெலர்ட். ஐந்நூறு பேர்கூட வசிக்காத சிற்றூர். அதன் கல் பாலத்துக்கு அப்பால், ஆற்றோரப் புல்வெளியில் வேலியிட்ட ஒரு கல்லறை. அதில் கிடப்பது கெலர்ட் என்ற நாயாம். 13ஆம் நூற்றாண்டில் வட வேல்ஸை ஆண்ட மகா லிவெலின் வேட்டை முடிந்து வருகிறான். தொட்டில் கவிழ்ந்து கிடக்கிறது, குழந்தையைக் காணோம், நாயின் வாயெல்லாம் ரத்தம். வாளை உருவிக் குத்திவிடுகிறான். பிறகுதான் தொட்டிலுக்கடியில் குழந்தை அழும் குரல் கேட்கிறது. அருகே நாய் கொன்றுபோட்ட ஓநாய் கிடக்கிறது. வெல்ஷ் மொழியிலும் ஆங்கிலத்திலும் இந்தக் கதையைப் பொறித்து வைத்திருக்கிறார்கள். நம் வாசகருக்கு இது புதுக்கதை அல்ல. நாயின் இடத்தில் கீரியையும் ஓநாயின் இடத்தில் பாம்பையும் வைத்தால் பஞ்சதந்திரம். கீரியைக் கொன்ற பார்ப்பனியின் பாவம் தீரப் பொருள் கொடுத்த கோவலனின் கதையாகச் சிலப்பதிகாரத்து அடைக்கலக் காதையிலும் அது வருகிறது. இந்தியக் கதை பாரசீகம், அரபு வழியாக மேற்கே போய் நாய்க்கதையாக மாறியதை நாட்டார் வழக்காற்று ஆய்வாளர்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே எடுத்துக்காட்டிவிட்டார்கள்.

கல்லறை எப்படி வந்தது என்பதும் ரகசியமில்லை. 1793 வாக்கில் தெற்கு வேல்ஸிலிருந்து இங்கு வந்து விடுதி நடத்திய டேவிட் பிரிச்சர்ட், ஊர்த் தேவாலய எழுத்தரையும் சேர்த்துக்கொண்டு அந்தக் கல்லை நாட்டியதாக ஊர் மரபு சொல்கிறது. அதை 1899-இல் டி. இ. ஜென்கின்ஸ் தம் பெத்கெலர்ட் நூலில் பதிவு செய்தார். பிரிச்சர்டுக்குத் தேவைப்பட்டது விருந்தாளிகள். காலமும் அவருக்குக் கைகொடுத்தது. 1793-இல் பிரிட்டனுக்கும் புரட்சி பிரான்ஸுக்கும் போர் மூண்டதும், இத்தாலிக்கும் பாரிஸுக்கும் போய்க்கொண்டிருந்த ஆங்கிலச் செல்வந்தர்கள் உள்நாட்டு மலைகளைத் தேடி வரத் தொடங்கினார்கள். மலையை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவன் ஓரிரவு தங்குவானா என்பது சந்தேகம். கண்ணீர் விட ஓர் இடம் இருந்தால் தங்குவான். 1800-இல் வில்லியம் ஸ்பென்சர் இதைக் கவிதையாக்கினார், ஹைடன் அதற்கு இசை அமைத்தார். ஒரு விடுதிக்காரரின் விளம்பரம் ஐரோப்பியச் செவ்விசைவரை போனதை வியக்காமல் இருக்க முடியவில்லை.

அப்படியானால் இந்தக் கல்லைப் பிடுங்கி எறிய வேண்டாமா? வேண்டாம் என்பதே என் கட்சி. அது 13ஆம் நூற்றாண்டின் சான்று அல்ல. 18ஆம் நூற்றாண்டின் இறுதிக்கு முதல்தரமான சான்று. சுற்றுலா என்ற தொழில் ஒரு மலைக்கிராமத்துக்குள் எப்படி நுழைந்தது, அதற்கு ஊர் எதை விற்றது என்பதைக் காட்டும் இத்தகைய பொருள் எளிதில் கிடைக்காது. விற்றதும் முழுக்க வெளிச்சரக்கு அல்ல. ஏழு ஞானிகள் கதைத்தொகுதி மத்திய காலத்திலேயே வெல்ஷ் மொழிக்கு வந்துவிட்டது. வேட்டைநாயை அவசரப்பட்டுக் கொன்றவனின் கதை அதற்குள் இருக்கிறது. பிரிச்சர்டுக்குச் சில நூற்றாண்டுகளுக்கு முன்பே வேல்ஸில் உலவிய கதைக்கு அவர் ஓர் அரசன் பெயரையும் ஒரு முகவரியையும் கொடுத்தார், செய்தது அவ்வளவுதான்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. நாய்க்கல்லறைக்கு வரும் கூட்டம் அதோடு திரும்பிவிடுகிறது. உண்மையான பழமை அதன் நிழலில் மறைந்துபோகிறது என்பார்கள். பாதி உண்மை. சில நிமிட நடையில் இருக்கும் மரியாள் தேவாலயம், அகஸ்தீனியத் துறவிகளின் மடத்தில் எஞ்சிய பகுதி. அதன் கிழக்குச் சுவரில் மூன்று நெடிய கூர்வளைவுச் சன்னல்கள் 13ஆம் நூற்றாண்டிலிருந்து நிற்கின்றன. லிவெலின் உண்மையிலேயே ஆண்ட காலத்தைத் தொட விரும்புகிறவர் தொட வேண்டிய கல் இதுதான். முதலாம் எட்வர்ட் வேல்ஸைக் கைப்பற்றிய 1282–83 போரை ஒட்டி மடம் தீக்கிரையானது. 1286-இல் பேங்கர் ஆயர் எழுதிய கடிதம், பார்ட்சி தீவு மடத்துக்கு அடுத்தபடி வேல்ஸிலேயே பழைய துறவற இல்லம் இதுதான் என்கிறது. எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபோது இதுவும் போயிற்று. ஊர்ப்பெயரிலுள்ள கெலர்ட், நாயல்ல, ஆதிகாலத் துறவி ஒருவராக இருக்கலாம் என்று கருதுவோரும் உண்டு. ஆனால் இவ்வளவு விஷயமும் மறைந்து கிடப்பது கல்லறையின் குற்றமா? கல்லறைக்கு வந்தவரைத் தேவாலயம்வரை நடத்திக் கூட்டிப்போகாத வழிகாட்டிகளின் குற்றம் என்றே சொல்வேன். நாய் இல்லாவிட்டால் அந்தச் சன்னல்களைப் பார்க்கக் கூட்டம் அலைமோதும் என்று நம்ப எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கூர்மையானது: இன்றைய பொய்யை ஏற்றால் நாளை எவரும் எங்கும் கல் நட்டு வரலாறு என்பார்களே? இதற்கான விடை ஊருக்கு வடகிழக்கே, நடந்தே போகக்கூடிய தூரத்தில், தினாஸ் எம்ரிஸ் என்ற காட்டுக் குன்றில் இருக்கிறது. வோர்டிகெர்ன் மன்னன் அங்கே கோட்டை கட்டக் கட்டச் சரிந்ததாம். அடியில் ஒரு குளம், அதில் சிவப்பு, வெள்ளை டிராகன்கள் இரண்டு சண்டையிடுவதாகச் சிறுவன் ஒருவன் சொன்னானாம். இதை எழுதியது 9ஆம் நூற்றாண்டின் பிரிட்டானியர் வரலாறு என்ற லத்தீன் நூல். இன்றைய வேல்ஸ் கொடியிலுள்ள சிவப்பு டிராகனோடு இந்தக் கதையையே இணைத்துப் பேசுகிறார்கள். 1954 முதல் 1956 வரை அங்கே அகழாய்வு நடந்தது. டிராகன் கிடைக்கவில்லை; குளம் கிடைத்தது, ரோமானியர் காலத்துக்குப் பிந்தைய குடியிருப்பின் தடயங்களும் கடல்கடந்து வந்த மட்கலத் துண்டுகளும் கிடைத்தன. உச்சியில் ஒரு கற்கோபுரத்தின் அடித்தளமும் இருக்கிறது, அது வெல்ஷ் இளவரசர்கள் காலத்தது. ஆகவே கதை இருக்கிறதா என்பது கேள்வியே அல்ல, எல்லா ஊரிலும் கதை இருக்கும். மண்ணைத் தோண்டினால், ஆவணத்தைப் புரட்டினால் கதைக்குப் பின்னால் என்ன தேதி வருகிறது என்பதுதான் கேள்வி. நாய்க்கல்லறைக்கு வரும் தேதி 1790கள். அந்தத் தேதியைச் சொல்லிக் காட்டினால் அது வரலாறு, மறைத்துக் காட்டினால் மோசடி. புதிதாகக் கல் நடுபவருக்கும் இதே சோதனைதான்.

காசுக்காகச் செய்தது என்ற குறையை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அருகிலுள்ள சிகுன் செப்புச் சுரங்கமும் காசுக்காகத் தோண்டியதுதான். 1903-இல் மூடப்பட்ட அந்த இருட்டுக் குகைகள் 1986 முதல் சீட்டு வாங்கிப் பார்க்கும் இடமாகிவிட்டன. 1930களில் ஓட்டம் நின்றுபோன வெல்ஷ் ஹைலேண்ட் குறும்பாதை ரயிலும் 2009-இல் ஊருக்குத் திரும்ப வந்தது, பயணிகளை நம்பியே. 1958-இல் வெளியான, இங்ரிட் பெர்க்மன் நடித்த படமொன்றுக்கு இந்த மலைகளே சீனாவாக வேடம் கட்டின. அதையும் ஊர்க்காரர்கள் விடாமல் சொல்கிறார்கள். தாமிரம் தீர்ந்துபோன பள்ளத்தாக்கில் பிரிச்சர்ட் தொடங்கிவைத்த தொழில்தான் இன்றும் நடக்கிறது, அவர் பெயர் மட்டும் கல்லறையில் இல்லை.