பள்ளியும் நமது சங்கமே

ஒரு கூட்டுறவுச் சங்கம் நன்கு நடக்கின்றதா என்று அறிய விரும்புவோர் அதன் கட்டடத்தையும் பெயர்ப் பலகையையும் பார்த்து முடிவு செய்வதில்லை. மகாசபைக்கு எத்தனை அங்கத்தினர் வந்தனர், வந்தவர்கள் என்ன கேட்டனர், கேட்டதற்கு என்ன விடை கிடைத்தது என்பதையே பார்க்கின்றனர். அங்கத்தினர் வாராத சங்கத்தில் கணக்கு எவ்வளவு ஒழுங்காக எழுதப்பட்டிருப்பினும் அதற்கு உயிர் இல்லை. நம் ஊர்ப் பள்ளிகளுக்கும் இதே அளவுகோல் பொருந்தும். பிள்ளைகளின் படிப்பு உயர்வதற்குப் பெற்றோரும் ஊராரும் செய்யக்கூடியது யாது என்பதை, நெசவாளரும் உழவருமாகிய நம் அங்கத்தினர்க்கு, அவர்கள் பழகி அறிந்த சங்க முறைகளைக் கொண்டே விளக்க விரும்புகிறோம்.

நாம் கண்ட ஒரு நிகழ்ச்சி

கடலூருக்கும் சிதம்பரத்திற்கும் இடையே உள்ள ஒரு நெசவாளர் ஊருக்குச் சில மாதங்களுக்கு முன் ஆய்வுக்காகச் சென்றிருந்தோம். அங்கத்தினர் ஒருவர் தம் சேமிப்புப் பாஸ் புத்தகத்தை நம்மிடம் நீட்டி, 'ஐயா, எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்' என்றார். அருகில் தார் சுற்றிக்கொண்டிருந்த அவருடைய மகள் ஐந்தாம் வகுப்பில் படிப்பதாக அறிந்து, 'நீயே அப்பாவுக்குப் படித்துச் சொல், அம்மா' என்றோம். சிறுமி புத்தகத்தை வாங்கினாள். எழுத்துகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டாள். அவற்றைச் சொல்லாகச் சேர்க்க இயலாமல் தலை குனிந்தாள். தந்தை திகைத்துவிட்டார். 'நாள் தவறாமல் போய் வருகிறதே, ஐயா. வாத்தியாரும் ஒன்றும் சொல்லவில்லையே' என்றார்.

அவர் அவ்வூர்ப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் ஓர் உறுப்பினர். கடைசியாகக் கூட்டம் எப்போது நடந்தது என்று கேட்டோம். 'நோட்டு வீட்டுக்கு வரும். கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவேன்' என்றார். நம்மால் அவரைக் கடிந்துகொள்ள முடியவில்லை. கூட்டம் கூடாமலே வீடு வீடாகச் சென்று கையெழுத்து வாங்கி நிறைத்த நடவடிக்கைப் புத்தகங்களைச் சங்கங்களிலும் நாம் பார்த்ததுண்டு. பக்கங்கள் சரியாக உள்ளன என்று அடுத்த புத்தகத்திற்குச் சென்றதும் உண்டு. சங்கத்தில் நேர்ந்த குறையைத் தணிக்கையில் கண்டு, இழந்த பணத்தை வசூலிக்க வழி உண்டு. குழந்தை இழந்த ஐந்து ஆண்டுகளை யாரிடம் வசூலிப்பது?

ஊரார் தாங்கிய பள்ளிகள்

பள்ளியை ஊரார் தாங்கும் வழக்கம் நமக்குப் புதிதன்று. யாழ்ப்பாணத்து நல்லூரைச் சேர்ந்த ஆறுமுக நாவலர் 1864-ஆம் ஆண்டில் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியபோது, அன்பர்கள் அளித்த பொருளே அதற்கு முதலாயிற்று. 1916-இல் சுவாமி சகஜானந்தர் அதே நகரில் நந்தனார் கல்விக் கழகத்தைத் தோற்றுவித்து, கல்வி மறுக்கப்பட்டிருந்த ஆதிதிராவிட மக்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கதவைத் திறந்தார். நந்தனார் பெயர் தாங்கிய அரசுப் பள்ளிகள் இன்றும் சிதம்பரத்தில் நடைபெறுகின்றன.

பிற்காலத்தில் இம்முயற்சி மாநிலம் முழுவதற்கும் ஓர் இயக்கமாகவே பரவியது. காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, 1956-இல் பள்ளி மதிய உணவுத் திட்டம் ஊராரின் நன்கொடையைக் கொண்டே தொடங்கப்பெற்றது. அரசின் மானியம் அடுத்த ஆண்டில் சேர்ந்தது. அக்காலத்தில் கல்வித் துறை இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் முதலாவது, 1958-இல் அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தின் கடம்பத்தூரில் கூடியது. அதன் முறை எளியது. ஒவ்வொரு பள்ளிக்கும் உள்ள குறைகள் முதலில் பட்டியலாக எழுதப்பட்டன. அப்பட்டியலுடன் ஆசிரியர்களும் ஊர்ப் பெரியவர்களும் மக்களை அணுகினர். நிலம், கட்டடம், பலகை, கடிகாரம், தண்ணீர்ப் பானை, பிள்ளைகளுக்குச் சீருடை என அவரவர் இயன்றதைத் தந்தனர். தந்தவை அனைவர் முன்னிலையிலும் ஒப்படைக்கப்பட்டன.

இதிலிருந்து நாம் கொள்ளவேண்டிய பாடம் இரண்டு. குறை இன்னது என்று எழுதிக்கொண்ட பின்னரே உதவி கேட்டல் வேண்டும் என்பது ஒன்று. பெற்றதை ஊரறியக் கணக்குக் காட்டுதல் வேண்டும் என்பது மற்றொன்று. ஆயினும் ஓர் எல்லையையும் மறத்தல் ஆகாது. பலகை வந்ததா என்பதைக் கண்ணால் கண்டு கொள்ளலாம். பிள்ளைக்குப் படிக்க வந்ததா என்பதை அப்படிக் காண இயலாது; உட்கார்ந்து கேட்டால்தான் தெரியும். அன்று இல்லாதிருந்தவை பலகையும் கட்டடமும். இன்று நம் ஊர்களில் பெரும்பாலும் குறைவுபடுவது இந்தக் கேட்கும் வழக்கமே.

சட்டம் தந்துள்ள இடம்

2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன் 21-ஆம் பிரிவு அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பள்ளி மேலாண்மைக் குழு அமைக்கப்பட வேண்டும் என்கிறது. குழுவில் நான்கில் மூன்று பங்கினர் அப்பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் அல்லது பாதுகாவலராக இருத்தல் வேண்டும். பாதிப் பேர் பெண்களாக இருத்தல் வேண்டும். நலிந்த பிரிவினரின் பிள்ளைகள் எத்தனை பேர் உளரோ, அந்த விகிதத்தில் அவர்தம் பெற்றோர்க்கும் இடம் தருதல் வேண்டும். ஊரில் செல்வாக்கு உடையவர்களே நாற்காலிகளை நிரப்பிக் கொள்வதற்குச் சட்டம் வழி வைக்கவில்லை.

தமிழகத்தில் 2022-இல் இக்குழுக்கள் பெற்றோர் கூட்டங்களின் வாயிலாக மறுகட்டமைப்புச் செய்யப்பட்டன. அப்போது குழுவுக்கு உறுப்பினர் 20 பேர். அவருள் 15 பேர் பெற்றோர். தலைவராக இருப்பவரும் ஒரு பெற்றோரே. தலைமையாசிரியரும் உள்ளாட்சிப் பிரதிநிதிகளும் குழுவில் இடம் பெற்றனர். 2024-இல் மீண்டும் அமைக்கப்பட்டபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கிடைத்தது.

குழுவின் கடமைகள் மூன்று எனச் சுருக்கிக் கூறலாம். பள்ளி நடக்கும் முறையைக் கண்காணித்தல். பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தை எழுதிப் பரிந்துரைத்தல். அரசிடமிருந்தோ பிறரிடமிருந்தோ வரும் தொகை செலவாகும் விதத்தைப் பார்த்தல். நம் சங்க நிர்வாகக் குழுவில் அமர்ந்து பழகியவர்களுக்கு இவற்றுள் எதுவும் அயலானதன்று.

கூட்டத்தில் கேட்க வேண்டியவை

கூட்டத்திற்குச் செல்லும் பெற்றோர் பலர் மதிற்சுவர், கழிப்பறை, குடிநீர் ஆகியவற்றோடு பேச்சை முடித்துக் கொள்கின்றனர். அவை வேண்டியவையே. அவற்றோடு பின்வரும் நான்கு கேள்விகளையும் மாதந்தோறும் கேட்டு, விடையை நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதச் செய்தல் வேண்டும்.

1. பதிவேட்டில் உள்ள பிள்ளைகள் எத்தனை பேர்? சென்ற மாதத்தில் அடிக்கடி வாராதவர் யார் யார்? காரணம் என்ன?

2. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுள் ஒரு பத்தியைத் தடையின்றிப் படிப்பவர் எத்தனை பேர்? ஐந்தாம் வகுப்பில் எத்தனை பேர்? எஞ்சியவர்க்கு என்ன ஏற்பாடு?

3. பள்ளியை விட்டு நின்றவர் உண்டா? அவர்கள் வீட்டுக்குச் சென்று பார்த்தவர் யார்?

4. வந்த தொகை எவ்வளவு? எதற்குச் செலவாயிற்று?

இக்கேள்விகளை ஆசிரியர் மீது வழக்குத் தொடுப்பதுபோல் கேட்டல் கூடாது. சங்கச் செயலாளரிடம் கணக்குக் கேட்பவர் அவருக்குப் பகைவர் அல்லர். நேர்மையான செயலாளர் அக்கேள்வியை விரும்பியே வரவேற்பார். ஒரே அறையில் பல வகுப்புகளை வைத்துக்கொண்டு ஓர் ஆசிரியர் திண்டாடுகின்றார் எனின், அவ்வுண்மையும் அக்கூட்டத்தில்தான் வெளிப்படும். கற்பிக்கும் தொழில் ஆசிரியருடையது. அதற்கு வேண்டிய நாளும் பொழுதும் பிள்ளைக்குக் கிடைக்கச் செய்வது நம்முடையது.

வாராமைக்குக் காரணம் நம் வீட்டிலேயே இருப்பதும் உண்டு. தீபாவளிக்கு முன் தறிக்கு ஓய்வு இராது. தார் சுற்றவும் பாவு ஓட்டத் துணை நிற்கவும் பிள்ளையை நிறுத்திக் கொள்கிறோம். நடவிலும் அறுவடையிலும் கைக்குழந்தையைப் பார்க்க மூத்த பெண்ணை வீட்டில் விடுகிறோம். பத்து நாள் போனால் அந்தப் பாடம் போய்விடுகிறது. அடுத்த பாடம் அதன் மேல்தான் நிற்க வேண்டும். நெய்யும்போது அறுந்த இழையை அப்போதே பிணைக்காவிட்டால் துணி நெடுகக் குறை ஓடும் என்பதை நம்மைவிட அறிந்தவர் யார்?

எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோர்

'நமக்கே எழுத்துத் தெரியாது. பிள்ளைக்கு என்ன சொல்லித் தருவது?' என்று கூறுவோர் உளர். கேட்பதற்கு எழுத்தறிவு வேண்டுவதில்லை. இரவு உணவுக்கு முன் கால் மணி நேரம் பிள்ளையை அருகில் இருத்தி, பாடப் புத்தகத்தை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். குடும்ப அட்டை, பாஸ் புத்தகம், உர மூட்டையின் மேலுள்ள எழுத்து ஆகிய எதை வேண்டுமானாலும் படிக்கச் சொல்லலாம். தடையின்றி ஓடுகிறதா, தட்டுத் தடுமாறுகிறதா என்பதைக் காது அறியும். தடுமாறினால் அடிக்க வேண்டாம். மறுநாள் ஆசிரியரைச் சென்று பாருங்கள். அந்தக் கால் மணி நேரத்தில் தொலைக்காட்சியும் கைபேசியும் ஓய்ந்திருக்கட்டும்.

சங்கம் செய்யக்கூடியது

பெருந்தொற்றினால் பள்ளிகள் நெடுநாள் மூடிக்கிடந்த பின், 2021-இல் நம் மாநிலத்தில் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கியது. அவ்வவ்வூர்த் தன்னார்வலரே மாலையில் பிள்ளைகளை ஓரிடத்தில் கூட்டிப் படிப்பித்தனர். விளக்கும் பாயும் உள்ள ஓரிடமும், படித்த ஓர் இளைஞரும் இருந்தால் ஊரே இதனைச் செய்ய இயலும் என்பது அதனால் விளங்கிற்று. நம் சங்கக் கட்டடங்களோ மாலையில் பூட்டியே கிடக்கின்றன. நிர்வாகக் குழு தீர்மானம் இயற்றி அவற்றை மாலைப் படிப்புக்குத் திறந்து விடலாம். துணைவிதிகள் இடம் தரும் அளவில், பொது நல நிதியிலிருந்து நூல்கள் வாங்க மகாசபையின் ஒப்புதலைக் கேட்கலாம். ஏழைப் பெற்றோரிடம் நன்கொடை என்று கட்டாயமாக எதையும் வாங்குதல் கூடாது. கல்வி இலவசம் என்பது சட்டம்.

இது சங்கத்தின் வேலையா என ஐயுறுவோர்க்கு ஒன்று கூறுவோம். கூட்டுறவுக்கு வழிகாட்டிய ராச்டேல் முன்னோடிகள் 28 பேர். அவருள் நெசவாளரும் இருந்தனர். இங்கிலாந்தில் 1844-இல் சிறு கடை ஒன்றைத் திறந்த அவர்கள், சில ஆண்டுகளிலேயே ஆதாயத்தில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கைக் கல்விக்கென ஒதுக்கினர். நூலகமும் படிப்பகமும் அவர்கள் கடையோடு சேர்ந்தே வளர்ந்தன. கல்வி இன்றும் கூட்டுறவுக் கொள்கைகளுள் ஒன்று.

ஆதலின் அங்கத்தினர் அனைவரையும் வேண்டிக் கொள்வது இதுவே. அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்தின் நாளைத் தலைமையாசிரியரிடம் கேட்டு அறியுங்கள். அன்று அரை நாள் தறியையும் வயலையும் விட்டு நேரில் செல்லுங்கள். நோட்டு வீடு தேடி வந்தால் கையெழுத்திடாமல் திருப்பி அனுப்புங்கள். நாமும் இனி நடவடிக்கைப் புத்தகத்தைப் பார்க்கும்போது, கையெழுத்தை எண்ணுவதோடு நில்லாமல், கூட்டம் கூடியதா என்று அங்கத்தினரையே கேட்பதென உறுதி கொண்டுள்ளோம். அந்தச் சிறுமி தன் தந்தையின் புத்தகத்தைத் தானே படித்துச் சொல்லும் நாள் விரைவில் வருதல் வேண்டும்.