முதலமைச்சரைக் கேட்கும் அரை மணி

பட்டுக்கும் கோயில்களுக்கும் பெயர்பெற்ற காஞ்சிபுரம், ஆட்சிப் பொறுப்பில் இருப்பவர் தம் செயல்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்னும் கருத்தின் வரலாற்றிலும் தனக்கென ஓர் இடத்தைக் கொண்டுள்ளது. இம்மாவட்டத்து உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் குடவோலை முறையை விவரிப்பதால் புகழ்பெற்றவை. ஆயினும், ஓலைத் துண்டில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டுக் குலுக்கி எடுத்த விதத்தைக் காட்டிலும் அவற்றில் ஊன்றிக் கவனிக்க வேண்டியது தகுதியின்மை பற்றிய பகுதியே ஆகும். முன்பு ஏதேனும் ஒரு வாரியத்தில், அதாவது ஊர்ச் சபையின் செயற்குழுவில், பணியாற்றிவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவர் மீண்டும் பொறுப்புக்கு வர முடியாது என்பதோடு, அவருடைய நெருங்கிய உறவினரும் வர முடியாது என்று அந்தச் சபை விதித்தது. நிலமும் மனையும் உடைய பிராமண ஆடவர் மட்டுமே இடம்பெற்ற சபை அது என்பதை மறந்துவிட்டு அதை இன்றைய மக்களாட்சிக்கு ஈடாகப் புகழ்வது பொருந்தாது. எனினும், கணக்குக் கேட்கப்படாத அதிகாரம் கூடாது என்ற தெளிவு அங்கே கல்லில் எழுதப்பட்டிருக்கிறது.

இன்றைய சட்டமன்றங்களில் இக்கடமை வினா நேரம் என்னும் வடிவில் வாழ்கிறது. அவை கூடியதும் முதல் ஒரு மணி நேரம் உறுப்பினர்கள் கேட்க, அமைச்சர்கள் பதில் அளிக்கும் இம்முறை இங்கிலாந்தில் தோன்றியது. 1721இல், தென்கடல் கம்பெனியின் வீழ்ச்சியை ஒட்டி, அதன் காசாளர் தப்பியோடியது குறித்துப் பிரபுக்கள் அவையில் கௌப்பர் பிரபு கேட்டதே முதல் வினாவாகக் குறிக்கப்படுகிறது. இந்தியாவில் இவ்வுரிமை மிக மெதுவாக, ஒவ்வொரு படியாகவே கைக்கு வந்தது. 1861ஆம் ஆண்டின் இந்தியக் கவுன்சில்கள் சட்டத்தில் வினாவுக்கு இடமே இல்லை. 1892ஆம் ஆண்டுச் சட்டம் முன்னறிவிப்புக் கொடுத்து ஒரு வினாவைக் கேட்க அனுமதித்ததே தவிர, கிடைத்த பதிலின் மேல் மறு கேள்வி கேட்க அனுமதிக்கவில்லை. அதன்படி 1893இல் பிங்கா அரசர் தலைமை ஆளுநரின் சட்டமன்றத்தில் கேட்ட முதல் வினா, சுற்றுப்பயணம் வரும் அதிகாரிகளுக்கு உணவுப் பொருள்களைத் திரட்டித் தரும் வழக்கத்தால் சிற்றூர்க் கடைக்காரர்கள் படும் தொல்லையைப் பற்றியது. நாட்டின் மிக உயர்ந்த அவையில் எழுந்த முதல் கேள்வி பெட்டிக்கடைக்காரரின் இழப்பைப் பற்றியதாக அமைந்தது போற்றத்தக்கது. வினா என்னும் கருவி எதற்காக இருக்கிறது என்பதை அது தொடக்கத்திலேயே காட்டிவிட்டது.

துணை வினா, அதாவது அமைச்சரின் பதிலைக் கேட்டவுடன் அதிலிருந்தே எழும் அடுத்த கேள்வி, 1909ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் வந்தது. அப்போதும் முதல் வினாவைக் கேட்டவருக்கு மட்டுமே அவ்வுரிமை இருந்தது. 1919ஆம் ஆண்டுச் சட்டமே அதை எல்லா உறுப்பினர்க்கும் பொதுவாக்கியது. எழுதி அனுப்பிய வினாவுக்கு அதிகாரிகள் எழுதிக் கொடுத்த விடையை அமைச்சர் படித்துவிடலாம். துணை வினாவுக்கு அவர் துறையை அறிந்திருக்க வேண்டும். ஆகவே வினா நேரத்தின் உயிர் துணை வினாவில்தான் இருக்கிறது. 1957இல் ஆயுள் காப்பீட்டுக் கழகம் ஹரிதாஸ் முந்த்ராவின் நிறுவனப் பங்குகளை வாங்கியது பற்றி மக்களவையில் எழுந்த வினாவும், அதைத் தொடர்ந்து பெரோஸ் காந்தி விடாமல் எழுப்பிய கேள்விகளும், நீதிபதி சாக்ளாவின் விசாரணைக்கு வழிவகுத்து, 1958 பிப்ரவரியில் தமிழ்நாட்டைச் சேர்ந்த நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரியின் பதவி விலகலில் முடிந்தன. ஆளுங்கட்சியின் அமைச்சரை ஆளுங்கட்சி உறுப்பினரே கேட்டார் என்பதும், அவர் பிரதமரின் மருமகன் என்பதும் இன்றைய உறுப்பினர்கள் நினைவில் கொள்ளத்தக்க செய்திகள்.

அதே 1957இல்தான் காஞ்சிபுரம் நெசவாளர் குடும்பத்தில் 1909இல் பிறந்தவரும், அவ்வூர் நகராட்சி அலுவலகத்தில் சிறிது காலம் எழுத்தராக வேலை பார்த்தவருமான சி.என். அண்ணாதுரை, சொந்த ஊர்த் தொகுதியிலிருந்து சென்னைச் சட்டமன்றத்துக்குள் தம் கட்சியின் பதினைந்து உறுப்பினர்களுள் ஒருவராக நுழைந்தார். 1962இல் அதே காஞ்சிபுரம் அவரைத் தோற்கடித்தது. அவர் மாநிலங்களவைக்குச் சென்றார். பத்தாண்டுகள் கேட்கும் வரிசையிலேயே இருந்துவிட்டு 1967 மார்ச் 6 அன்று பதில் சொல்லும் வரிசைக்கு வந்தவர் என்பது அண்ணாவின் ஆட்சிக் காலத்தைப் படிப்பவர் மறக்கக் கூடாத பின்னணியாகும். அவருடைய சிலேடைகளும் உடனடி மறுமொழிகளும் மேடைதோறும் திரும்பச் சொல்லப்படுகின்றன. ஆனால் எதிர்க்கட்சிக்காரரின் கேள்வியை மதித்து அமர்ந்து கேட்ட பண்புக்கு அந்த அளவு கவனம் கிடைக்கவில்லை என்பது வருத்தத்துக்குரியது.

அவர் முதலமைச்சராக இருந்த நிலை அரசமைப்பு நோக்கிலும் தனித்தன்மை வாய்ந்தது. 1967 தேர்தலில் அவர் சட்டமன்றத்துக்குப் போட்டியிடாமல் தென்சென்னை மக்களவைத் தொகுதியில் வென்றார். ஆட்சி அமைக்க நேர்ந்தபோது அந்த இடத்தைத் துறந்து, 1986 வரை மாநிலத்தில் இருந்த மேலவையான சட்ட மேலவையின் உறுப்பினரானார். ஆகவே சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு எனப் பெயர் சூட்டும் தீர்மானம் 1967 ஜூலை 18 அன்று சட்டப்பேரவையில் ஒருமனதாக நிறைவேறியபோது, அதன் நாயகராகிய முதலமைச்சருக்கு அந்த அவையில் வாக்கு இல்லை. அமைச்சர் எவரும் எந்த அவையிலும் பேசலாம், ஆனால் தாம் உறுப்பினராக இல்லாத அவையில் வாக்களிக்க முடியாது என்கிறது அரசமைப்பின் 177ஆம் பிரிவு. வாக்கில்லாத அவையில் அண்ணா எழுந்து நின்று, கருத்திருமன் தலைமையிலான காங்கிரசு எதிர்க்கட்சிக்கு முகம் கொடுக்க வேண்டியிருந்தது. ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டம் 1967 மே மாதம் சென்னையிலும் கோவையிலும் மட்டும் தொடங்கப்பட்டபோது, தேர்தலில் சொன்ன மூன்று படி எங்கே, மற்ற மாவட்டங்களுக்கு எப்போது என்ற வினாக்கள் நியாயமானவை. அவற்றுக்கு விடை சொல்லும் கடமை வேறெவருக்கும் இல்லாமல் முதலமைச்சருக்கே இருந்தது.

கீழவையில் வாக்கில்லாத ஒருவர் ஆட்சித் தலைவராக இருக்கும் இந்நிலை அயர்லாந்தில் எழ இயலாது. அந்நாட்டின் 1937ஆம் ஆண்டு அரசமைப்பு, தீஷாக் எனப்படும் பிரதமர் டாயில் எனப்படும் கீழவையின் உறுப்பினராகவே இருக்க வேண்டும் என்றும், அரசு டாயிலுக்குப் பொறுப்புடையது என்றும் வகுத்துள்ளது. வினாக்களுக்கு அஞ்சாமல் முகம் கொடுக்கும் வழக்கமும் அங்கே வேரூன்றியுள்ளது: செவ்வாய், புதன் கிழமைகளில் எதிர்க்கட்சித் தலைவர்கள் ஒருவர்பின் ஒருவராக எழுந்து அன்றைய பிரச்சினையைக் கேட்கும் தலைவர்கள் வினா நேரமும், பிரதமரின் துறை சார்ந்து முன்கூட்டியே எழுதித் தரப்பட்ட வினாக்களுக்கான நேரமும் தனித்தனியே நடைபெறுகின்றன. பிரதமர் அங்கில்லாத வியாழக்கிழமையில் துணைப் பிரதமர் அப்பணியைச் செய்கிறார். பிரிட்டனில் 1961 முதல் வாரம் இருமுறை கால்மணி நேரமாக இருந்த பிரதமர் வினா நேரம், 1997 முதல் புதன்கிழமை தோறும் அரை மணி நேரமாக மாற்றப்பட்டது. அயர்லாந்தின் அரசமைப்பு நமக்கு அந்நியமானதன்று. அரசு பின்பற்ற வேண்டிய வழிகாட்டு நெறிகள் என்ற பகுதியை நம் அரசமைப்பு அதிலிருந்தே எடுத்துக்கொண்டது. நெறிகளை எடுத்துக்கொண்ட நாம், ஆட்சித் தலைவரை வாரந்தோறும் எழுந்து நிற்கச் செய்யும் பழக்கத்தை எடுத்துக்கொள்ளவில்லை.

இந்திய நாடாளுமன்றத்தில் பிரதமரின் பொறுப்பிலுள்ள துறைகளுக்கும் முறை நாள் உண்டு. ஆனால் அணுசக்தி, விண்வெளி, பணியாளர் நலன் ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் இணையமைச்சரே விடை தருகிறார். தமிழ்நாட்டுச் சட்டப்பேரவையில் வினா நேரம் ஒழுங்காக நடைபெறுகிறது, 2022 சனவரி முதல் அது நேரலையிலும் வருகிறது. இது மனமுவந்து வரவேற்க வேண்டிய மாற்றம். எனினும் அங்கே துறை அமைச்சர்களின் குரலே மிகுதி. முதலமைச்சர் காவல்துறை மானியக் கோரிக்கையின் இறுதியில் ஆற்றுவது பதிலுரை. விவாதம் முழுவதும் முடிந்தபின் ஒரே மூச்சில் நிகழ்த்தப்படும் அவ்வுரை, அடுத்தடுத்து வரும் குறுக்கு வினாக்களுக்கு நின்று விடை சொல்வதற்கு ஈடாகாது.

இதற்கு நேர் எதிரான ஒரு வழக்கம் தமிழகத்தில் வலுப்பெற்றிருப்பதே கவலை தருகிறது. பேரவை விதிகளுள் 110ஆம் விதி, பொது முக்கியத்துவம் வாய்ந்த ஒரு பொருள் குறித்து அமைச்சர் ஒருவர் பேரவைத் தலைவரின் இசைவோடு அறிக்கை அளிக்க இடம் தருகிறது. அவ்வறிக்கையின் மேல் விவாதம் கிடையாது. அரிய தருணங்களுக்கென அமைந்த இவ்விதி, 2011க்குப் பின் ஜெயலலிதா முதலமைச்சராக இருந்தபோது புதிய திட்டங்களை அறிவிக்கும் அன்றாட வழியாயிற்று. அவருக்குப் பின் வந்தவர்களும் அதைக் கைவிடவில்லை. பல கோடி ரூபாய்த் திட்டம் ஒன்று அவையில் படிக்கப்படும், மேசைகள் தட்டப்படும், அத்துடன் அது முடிந்துவிடும். நிதி எங்கிருந்து, எப்போது முடியும், சென்ற ஆண்டு அறிவித்தது என்னவாயிற்று என்று அந்த இடத்திலேயே கேட்க எவருக்கும் வாய்ப்பில்லை.

காஞ்சிபுரத்துத் தறி ஒன்றை வைத்தே இதன் விளைவைப் பார்க்கலாம். கோர்வைப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் இழைக்கு இழை பிணைக்க மூன்று நாடாக்கள் ஓட வேண்டும், நெசவாளருக்குத் துணையாக மற்றொருவர் கரைப்பக்கம் அமர வேண்டும். பட்டு நூலையும், மார்க் கணக்கில் நிறுக்கப்படும் சரிகையையும் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து பெற்று, புடவையாகத் திருப்பித் தந்து கூலி வாங்குபவர் வாழ்வில், கச்சாப்பட்டு விலை மத்திய அரசின் இறக்குமதி வரியைச் சார்ந்தது. சரிகை, மாநில அரசின் தமிழ்நாடு சரிகை ஆலையையும் உலகச் சந்தையின் வெள்ளி, தங்க விலையையும் சார்ந்தது. கூலி கைத்தறித் துறையைச் சார்ந்தது. போலிப் பட்டு விற்பனையைத் தடுப்பது காவல்துறையையும் வணிகவரித் துறையையும் சார்ந்தது. காஞ்சிபுரம் பட்டுக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது, அதற்கு முன்னரே 1985ஆம் ஆண்டுக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டமும் வந்தது. இவற்றை மீறி விசைத்தறிப் புடவை கைத்தறி என்ற பெயரில் விற்கப்படுவது ஏன் என்று ஓர் உறுப்பினர் கேட்பதாகக் கொள்வோம். வினா பேரவைச் செயலகத்திலிருந்து கைத்தறித் துறைக்கும், அங்கிருந்து காஞ்சிபுரத்திலுள்ள அலுவலகத்துக்கும் இறங்கி, விவரங்களோடு மீண்டும் கோட்டைக்கு ஏறும். கைத்தறி அமைச்சர் தம் துறைக்கு உட்பட்டதைச் சொல்வார். எஞ்சியவை பிற துறைகளைச் சேர்ந்தவை என்ற விடையோடு அது நின்றுவிடும். பல துறைகளின் நடுவே விழும் இத்தகைய வினாவை எடுத்து முழு விடை சொல்லக்கூடியவர் அமைச்சரவையில் ஒருவரே இருக்கிறார், அவர் முதலமைச்சர்.

வாரத்தில் ஒரு நாள் முதலமைச்சர் வினா நேரம் வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை. அந்நேரம் வெறும் வாய்ச்சண்டையாகிவிடும் என்ற அச்சம் பிரிட்டனின் புதன்கிழமைக் காட்சிகளைக் கண்டவர்களுக்கு எழுவது இயல்பே; டாயிலிலும் கூச்சல் எழாமல் இல்லை, 2025 மார்ச்சில் பேசும் நேர ஒதுக்கீடு பற்றிய தகராற்றில் அவை நடவடிக்கைகளே தடைப்பட்டன. ஆயினும் அந்தத் தகராறு எழுந்ததே, கேட்கும் உரிமையை எதிர்க்கட்சி எவ்வளவு பெரிதாக மதித்தது என்பதால்தான். 1975 நெருக்கடி நிலையின்போதும், 2020 செப்டம்பரில் பெருந்தொற்றைக் காரணம் காட்டியும் நாடாளுமன்றத்தில் வினா நேரம் நிறுத்தப்பட்டபோது ஏற்பட்ட இழப்போடு ஒப்பிட்டால் கூச்சல் சிறு தீங்கே. தமிழ்நாட்டில் இதைத் தொடங்க அரசமைப்புத் திருத்தமோ தில்லியின் ஒப்புதலோ வேண்டியதில்லை. தன் நடைமுறை விதிகளைத் தானே வகுத்துக்கொள்ளும் அதிகாரத்தை 208ஆம் பிரிவு பேரவைக்கு வழங்கியிருக்கிறது, விதிகளைத் திருத்த விதிகள் குழு இருக்கிறது, 110ஆம் விதியின்கீழ் படிக்கப்படும் ஒவ்வோர் அறிவிப்பையும் அடுத்த வார முதலமைச்சர் வினா நேரத்தில் கேள்விக்கு உட்படுத்தலாம் என்ற ஒரு வரியை அந்த விதியிலேயே சேர்த்துத் தொடங்கலாம்.