துடுப்பு வலித்தார், தோள் வலிக்குது! ஞாயிறு ஜாலி, திங்கள் லீவு

கும்மிடிப்பூண்டி: ஞாயிற்றுக்கிழமை துடுப்பு வலித்தார்கள். திங்கட்கிழமை தோள் வலிக்கிறது!

சிலேடைக்காகச் சொல்லவில்லை. சட்டைக் கைக்குள் கையை நுழைக்க முடியவில்லை. பேண்ட் பின்பாக்கெட்டில் இருந்து பர்சை எடுக்க முடியவில்லை. ராத்திரி அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் உயிர் போகிறது. ஓய்வு நாளில் "கயாக்" ஓட்டப் போகிறவர்கள் பலருக்கு வரும் தொல்லை இது.

கயாக் என்பது ஒருவரோ இருவரோ காலை நீட்டி உட்கார்ந்து ஓட்டும் ஒல்லிப் படகு. துடுப்புக்கு இரண்டு முனையிலும் அலகு. வடதுருவப் பக்கத்து மக்கள் சீல் வேட்டைக்காகத் தோலால் செய்த படகு இது. இன்று பிளாஸ்டிக்கில் வருகிறது. சென்னைக்குத் தெற்கே முட்டுக்காடு, கோவளம் பக்கம் உப்பங்கழியில் இதை ஓட்டலாம். வாரமெல்லாம் சிப்காட் ஆலையில் கிரைண்டரும் வெல்டிங்குமாக மல்லாடிவிட்டு, லீவு நாளில் அங்கே போய் வருகிற இளைஞர்களும் உண்டு. ஏற்கனவே ஆறு நாள் உழைத்த தோள், ஏழாவது நாளும் உழைக்கிறது!

கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 40 வீச்சு என்று வைத்தாலும் ஒரு மணி நேரத்தில் 2,400 வீச்சு. அத்தனையையும் கையாலேயே போட்டால் தோள் என்ன ஆகும்?

பழவேற்காடு ஏரியில் மீனவர்கள் கழி ஊன்றிப் படகு தள்ளுவதைப் பார்த்தவர்களுக்கு விஷயம் புரியும். கையா தள்ளுகிறது? கால் ஊன்றுகிறது, இடுப்பு திரும்புகிறது, முதுகு தள்ளுகிறது. கை கழியைப் பிடித்துக் கொள்கிறது, அவ்வளவுதான். கயாக்கிலும் இதே சங்கதிதான். காலை மிதிகட்டையில் அழுத்தி, இடுப்புக்கு மேலே உடம்பைத் திருப்பித் துடுப்புப் போட வேண்டும். புதிதாக ஓட்டுகிறவர்கள் உடம்பைக் கட்டைபோல வைத்துக் கொண்டு, கையை மட்டும் ஆட்டுகிறார்கள். வலி அங்கேதான் ஆரம்பம்.

கிண்ணமா? தட்டா?

நம் உடம்பிலேயே அதிகம் சுழலும் மூட்டு தோள்மூட்டுதான். இடுப்பு மூட்டில் பந்து ஆழமான கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. தோளில் அப்படி இல்லை. ஆழமில்லாத தட்டில் எலுமிச்சம்பழத்தை வைத்த மாதிரி! அதை உருளாமல் இழுத்துப் பிடித்திருப்பவை சுற்றிலும் உள்ள நான்கு சிறு தசைகளும் தசைநார்களும். கையைத் திரும்பத் திரும்பத் தோளுக்கு மேலே தூக்கினால், மேலே இருக்கும் எலும்புக்கு அடியில் இந்த நார் உரசி வீங்குகிறது. இது மெதுவாக வரும் வலி.

இன்னொன்று நொடியில் வரும். அலை பக்கவாட்டில் மோதுகிறது, படகு சாய்கிறது. பதறிப்போய் துடுப்பைத் தலைக்கு மேலே தூக்கி, கையை வெளிப்பக்கமாக நீட்டி, பின்னால் தண்ணீரில் ஊன்றுகிறார். தண்ணீரின் வேகம் கையைப் பின்னுக்குத் தள்ளுகிறது. 'டக்'! பந்து தட்டை விட்டு முன்பக்கம் இறங்கிவிடுகிறது.

இதற்குத் தடுப்பு ஒன்றுதான். முழங்கை எப்போதும் உடம்பை ஒட்டி, கை எப்போதும் கண்ணுக்கு முன்னால். பின்னால் துடுப்பு ஊன்ற வேண்டுமா? உடம்பையே திருப்புங்கள், கையை மட்டும் அனுப்பாதீர்கள்.

தோள் விலகியவர் ஒரு கையால் நீந்திக் கரை சேர முடியாது. 2011 டிசம்பர் 25-ந் தேதி பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் பலியானதை இந்த வட்டாரம் மறக்கவில்லை. முழங்கால் தண்ணீர்தானே என்று லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றிப் படகில் போடுகிறவர்களை என்ன சொல்வது?

இழுக்காதே!

தோள் விலகினால் பார்த்தாலே தெரியும். உருண்டையாக இருந்த தோள் தட்டையாகிவிடும். கை உடம்போடு சேராது. அந்தக் கையால் எதிர்த் தோளைத் தொட முடியாது.

உடனே கூட்டத்தில் ஒரு வீரர் முளைப்பார். "நகரு, நான் ஒரு இழுப்பு இழுக்கிறேன், சரியாப் போயிடும்!" அவரை முதலில் ஓரம் கட்டுங்கள். கூடவே எலும்பும் முறிந்திருக்கலாம். பக்கத்தில் நரம்பும் ரத்தக்குழாயும் ஓடுகின்றன. இழுப்பில் அவை அறுந்தால் கையே வீண். கை எந்த நிலையில் வலி குறைவாக இருக்கிறதோ அந்த நிலையிலேயே துண்டாலோ துப்பட்டாவாலோ தூளி கட்டி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். மயக்க மருந்து தேவைப்படலாம். ஆகவே வழியில் டீ, பன் எதுவும் வேண்டாம்.

திருவள்ளூர் பக்கத்து ஜனங்களுக்கு எலும்பு என்றாலே ஆந்திராவின் புத்தூர் கட்டுதான் நினைவுக்கு வரும். தலைமுறை தலைமுறையாக வந்த நம்பிக்கை. அதைக் கேலி பேச இங்கே இடமில்லை. ஆனால் எக்ஸ்ரே எடுக்காமல் கட்டுப் போடுவது கண்ணைக் கட்டிக் கொண்டு நடப்பது. திருவள்ளூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022-ல் திறந்தாகிவிட்டது. ராயபுரம் பக்கம் ஸ்டான்லியும் இருக்கிறது. முதலில் படம் எடுத்துப் பாருங்கள்.

மூட்டு உள்ளே போனதும் வேலை முடியவில்லை. இளவயதினருக்கு மறுபடி விலகும் வாய்ப்பு ரொம்ப அதிகம். கொஞ்ச நாள் தூளி, அப்புறம் மாதக்கணக்கில் பயிற்சி. அடிக்கடி விலகினால் ஆபரேஷன்.

சம்பளம் என்ன ஆகும்?

இதுதான் முக்கியமான கேள்வி. ஞாயிற்றுக்கிழமை படகில் பட்ட காயம் வேலைக் காயம் ஆகாது. இ.எஸ்.ஐ.யில் சந்தா ஒழுங்காகக் கட்டியிருந்தால், நோய்க்கால உதவியாக சராசரி தினக்கூலியில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். வேலையில் பட்ட காயத்துக்கோ 90 சதவீதம்.

இந்த 20 சதவீத வித்தியாசம் சிலர் மூளையைக் குறுகுறுக்க வைக்கிறது. "திங்கட்கிழமை மெஷின்ல பட்டுச்சுன்னு எழுதிட்டா என்ன சார்?" என்று ஆலோசனை சொல்ல ஒருவர் எங்கும் இருப்பார். விபத்து நடந்தால் ஷிப்டு பதிவேடு உண்டு, சாட்சி உண்டு. பொய் வெளிப்பட்டால் 70-ம் போய், வேலையும் போகும். ஆனால் வேலைக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ நிஜமாகவே விபத்து நடந்தால், 2010-ம் ஆண்டுச் சட்டத் திருத்தப்படி அது வேலைக் காயமாகவே கருதப்படும். இது பலருக்குத் தெரிவதில்லை!

சைக்கிள் டியூப் வைத்தியம்

விலகல் இல்லை, வெறும் வலிதான் என்றால்? ஒன்றிரண்டு வாரம் துடுப்பைத் தொடாதீர்கள். யூனிட் ரயிலில் மேலே தொங்கும் பிடியை வலிக்கும் கையால் பிடிக்காதீர்கள். கம்பத்தை மார்பு உயரத்தில் பிடித்துக் கொள்ளலாம். பையையும் மறு தோளுக்கு மாற்றுங்கள்.

வலி தணிந்ததும் பயிற்சி. பழைய சைக்கிள் டியூபை ஜன்னல் கம்பியில் கட்டி, பக்கவாட்டாக நின்று, கம்பிக்கு அப்பால் உள்ள கையால் மறு முனையைப் பிடியுங்கள். முழங்கையை மடக்கி, விலாவோடு ஒரு துண்டை வைத்து அழுத்திக் கொண்டு, முன்கையை மட்டும் மெதுவாக வெளிப்பக்கம் திருப்ப வேண்டும். பிஸியோதெரபிஸ்டிடம் ஒருமுறை காட்டிக் கற்றுக் கொண்டால் செலவில்லாத வைத்தியம். செய்யும்போது வலி ஏறினால் நிறுத்திவிட வேண்டும்.

நாற்பது வயதைத் தாண்டி, சர்க்கரையும் இருந்து, கையைத் தூக்கவே முடியாமல் இறுகிப் போனால் அது வேறு வியாதியாக இருக்கலாம். டாக்டரைப் பாருங்கள்.

இடது தோளில் வலி, கூடவே நெஞ்சில் பாரம், வியர்வை, மூச்சு முட்டல் என்றால் துடுப்பின் மேல் பழி போட்டு உட்கார்ந்திருக்க வேண்டாம். அது மாரடைப்பாக இருக்கலாம். உடனே 108-க்குப் போன்!