எரியெண்ணெய் இருப்பும் திரும்பும் வழியும்

நெடுவழி செல்வோர் கட்டுச்சோறு கொண்டு செல்லுதல் நம் முன்னோர் வழக்கம். மோட்டார் வண்டிக்கோ எரியெண்ணெயே கட்டுச்சோறாம். அஃது எவ்வளவு குறைந்தபோது மீண்டும் நிரப்புதல் தக்கது என்பதை, இராமநாதபுரக் கடற்கரையைச் சான்றாகக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண், அளவு காட்டும் முள்ளின் இயல்பை அறிதல் வேண்டும். தாங்கியினுள் மிதவையொன்று எண்ணெயின்மேல் மிதக்கின்றது. அதன் ஏற்ற இறக்கத்தையே முள் நமக்கு உணர்த்துகின்றது. மேட்டில் ஏறும்போதும் வளைவில் திரும்பும்போதும் எண்ணெய் ஒருபுறம் சாய்தலின் முள்ளும் பிறழக்கூடும். எச்சரிக்கை விளக்கு எரிந்த பின்னும் சில லிட்டர் எஞ்சியிருக்கும் என்பது மெய்யே. ஆயினும் அவ்வெச்சம் அடுத்த பெட்ரோல் நிலையத்தை அடைதற்கு உரியதேயன்றி, பயணத்தைத் தொடர்தற்கு உரியதன்று.

மற்றுமொரு காரணமும் உண்டு. இக்காலப் பெட்ரோல் கார்களில் எண்ணெயை இறைக்கும் மின்பம்பு தாங்கியினுள்ளேயே அமைந்துள்ளது. அதனைச் சூழ்ந்து நிற்கும் பெட்ரோலே அதன் வெப்பத்தைத் தணிக்கின்றது. தாங்கியை அடிக்கடி வறளவிடின் பம்பு விரைவிற் பழுதுறக்கூடும். டீசல் எஞ்சினிலோ, எண்ணெய் முற்றும் தீர்ந்தால் குழாய்களிற் காற்றுப் புகும்; அக்காற்று நீங்கினாலன்றி, மீண்டும் டீசல் ஊற்றினும் எஞ்சின் செவ்வனே இயங்காது. ஆதலின் காற்பங்கு எஞ்சியிருக்கும்போதே நிரப்புதல் நன்று. விளிம்புவரை ததும்ப நிரப்புதலும் வேண்டா. வெப்பத்தாற் பெட்ரோல் விரிதற்கு இடம் வேண்டுமன்றோ?

இனி வழியை நோக்குவோம். இராமநாதபுரத்திலிருந்து இராமேசுவரம் ஏறத்தாழ 55 கிலோமீட்டர். 1988-இல் திறக்கப்பெற்ற பாம்பன் சாலைப்பாலம் ஒன்றே வண்டிகள் தீவினை அடையும் வழி. அப்பால் அரிச்சல்முனை ஏறத்தாழ 20 கிலோமீட்டர். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தபின் நெடுங்காலம் சாலையற்றிருந்த அம்முனைக்கு, 2017-இல் சாலை திறக்கப்பெற்றது. இருமருங்கும் கடலாதலின் சென்ற வழியே மீளல் வேண்டும். இராமேசுவர நகரை நீங்கியபின் பெட்ரோல் நிலையத்தை எதிர்பார்த்தல் தகாது.

போக்குவரவு 150 கிலோமீட்டர் எனக் கொண்டால், லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் காருக்கு 10 லிட்டர் வேண்டும். ஆடி, தை அமாவாசை நாட்களில் நெரிசலில் நின்றபடியே எஞ்சின் ஓடும். முனையில் எதிர்காற்றும் வண்டியைத் தடுக்கும். இவற்றிற்கெனக் கூடுதலாக 3 லிட்டரேனும் கொள்ளுதல் அறிவுடைமை. செல்லும் வழியை மட்டும் எண்ணி மீளும் வழியை மறத்தலே பலர் இடர்ப்படுதற்குக் காரணம்.

நிலத்தில் எண்ணெய் தீர்ந்தால் காலவிரயமும் கால்நடையுமே நேரும். கடலிலோ உயிர்க்கே ஊறு நேரலாம். 1974-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் பாக்கு நீரிணையில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே எல்லை வகுக்கப்பட்டது. டீசல் தீர்ந்து எஞ்சின் நின்ற விசைப்படகைத் தென்மேற்குக் காற்று அவ்வெல்லையை நோக்கியே தள்ளும். எல்லை கடந்தால் மீனவர் சிறைப்படலும் படகு பறிபோதலும் கூடும். ஆதலாற்றான், போதற்கும் தொழிற்கும் ஒரு பங்கு, மீள்தற்கு ஒரு பங்கு, இடர்க்கு ஒரு பங்கு என எண்ணெயை மூன்றாகப் பகுத்தல் கடலோடிகள் போற்றும் விதிகளுள் ஒன்று. கரையிலிருந்தே வலை இழுக்கப்படுவதில்லையாதலின், தொழிலுக்கு மிகுதி வேண்டுவோர் அதனை முதற்பங்கிற் கூட்டிக்கொள்ளலாமேயன்றி, இறுதிப் பங்கிற் கைவைத்தல் ஆகாது.

கையிற் பணம் குறைவாதலின் சிறிது சிறிதாக நிரப்புகின்றோம் என நம்மவருட் பலர் கூறுவர். அது குற்றமன்று. காற்பங்கு எஞ்சியபோது நிரப்பினும், வறண்டபின் நிரப்பினும் ஓடும் தூரத்திற்குச் செலவு ஒன்றே. ஒருமுறை மட்டும் சிறிது மிகுதியாக நிரப்பிவிட்டால், பின்னர் வழக்கம்போற் சிறிது சிறிதாக நிரப்பினும் அக்காற்பங்கு என்றும் குறையாது நிற்கும். அடுத்த சுற்றுலாவுக்குப் புறப்படும் நண்பர்கள் இராமநாதபுரத்திலேயே இக்கணக்கினைச் செய்துகொள்வாராக.