சீண்டலா, சில்மிஷமா, குற்றமா?

பெண்களிடம் தெருவில் நடக்கும் அத்துமீறலுக்கு இந்திய ஆங்கிலம் வைத்த பெயர் 'ஈவ் டீசிங்'. சட்டமும் நீதிமன்றமும் அந்தச் சொல்லிலிருந்து விலகி வந்துவிட்டன. செய்தித்தாள்களும் புகார் மனுக்களும்தான் அதை விடுவதாயில்லை.

மைசூரு அரண்மனைக்குச் சற்றுத் தள்ளி இருக்கிறது அக்ரஹாரம். வேதம் ஓதியவர்களுக்கு மன்னர்கள் தானமாகக் கொடுத்த குடியிருப்புக்கு ஒரு காலத்தில் வழங்கிய பெயர் அது. இன்று அந்தப் பகுதி கடைகளும் பஸ்களும் ஆட்டோக்களும் நெரியும் நகர்ப்புறம். 150 கிலோமீட்டர் தள்ளி பெங்களூரில் 'அக்ரஹாரம்' என்றால் கதையே வேறு. அங்கே பரப்பன அக்ரஹாரத்துக்குப் போனார் என்றால் ஜெயிலுக்குப் போனார் என்று அர்த்தம். வார்த்தைகள் இப்படித்தான் இடத்துக்கு இடம் வேஷம் மாற்றுகின்றன. பெரும்பாலும் யாருக்கும் நஷ்டமில்லை. சில வார்த்தைகள் விஷயத்தில் மட்டும் நஷ்டம் உண்டு.

அக்ரஹாரம் பஸ் நிறுத்தத்தில் நிற்கும் ஒரு கல்லூரி மாணவியின் கையை மோட்டார் பைக்கில் வந்தவன் பிடித்து இழுத்துவிட்டுப் போகிறான் என்று வைத்துக்கொள்வோம். பார்த்தவர்கள் கன்னடத்தில் சொல்வது 'சுடாயிஸித'. அதாவது கிண்டல் செய்தான். ஆங்கில நிருபர் அதை 'ஈவ் டீசிங்' என்று எழுதுவார். தமிழில் மொழிபெயர்ப்பவர் 'கேலி' என்றோ 'சில்மிஷம்' என்றோ போடுவார். மூன்று மொழிகளைத் தாண்டி வருவதற்குள் கையைப் பிடித்து இழுத்த சம்பவம் காணாமல் போய்விடுகிறது. மிஞ்சுவது ஒரு விளையாட்டு.

இது கன்னடத்துக்கும் தமிழுக்கும் மட்டும் உள்ள கோளாறு அல்ல. இந்தியில் இதற்கு 'சேட்சாட்', சீண்டி விளையாடுவது. மலையாளத்தில் இப்படித் திரிகிறவன் 'பூவாலன்'. சேவலுக்கும் அதே பெயர்தான். தெலுங்கில் 'ஆகதாயி', அதாவது குறும்புக்காரன். எந்த மொழியிலும் அவன் குற்றவாளியாக இல்லை. வயசுக் கோளாறில் வாலாட்டும் பையனாகவே இருக்கிறான்.

ஏவாளின் பங்கு

'ஈவ் டீசிங்' ஆங்கிலச் சொற்களால் ஆனதுதான். ஆனால் அது பிறந்ததும் வளர்ந்ததும் இந்தியத் துணைக்கண்டத்தில். லண்டன்வாசியிடம் சொன்னால் முழிப்பார். 'ஈவ்' என்பது பைபிளில் வரும் ஏவாள், ஆதாமுக்குக் கனியைக் கொடுத்த பெண். 'டீஸ்' என்றால் செல்லமாக வம்புக்கிழுப்பது. அண்ணன் தங்கையை வம்புக்கிழுப்பதும் அதில் அடக்கம். இரண்டையும் ஒட்டவைத்ததும் இரண்டு பொய்கள் சேர்ந்துவிட்டன. முதலாவது, ஆசை காட்டியவள் அவள்தான் என்பது. இரண்டாவது, நடந்தது வெறும் விளையாட்டு என்பது. இழுத்தவனைப் பற்றி அந்தச் சொல்லில் ஓர் எழுத்துகூட இல்லை.

விளையாட்டு எங்கே முடியும் என்பதை 1998 ஜூலையில் சென்னை பார்த்தது. எத்திராஜ் கல்லூரி அருகே ஆட்டோவில் வந்த கும்பலின் அட்டகாசத்தில் கீழே விழுந்த மாணவி ஒருவர், தலையில் பட்ட காயத்தால் இறந்துபோனார். நகரம் கொதித்தது. அந்த மாத முடிவுக்குள் தமிழக அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. பிறகு அதுவே 'தமிழ்நாடு ஈவ் டீசிங் தடைச் சட்டம், 1998' ஆயிற்று. பயம், வெட்கம், சங்கடம் உண்டாக்கும் எந்த அநாகரிகச் செய்கையும் அதன் வரையறைக்குள் வந்தது. கோயில், பஸ் நிறுத்தம், ரயில் நிலையம், தியேட்டர், கடற்கரை, திருவிழா நடக்கும் இடம் என்று பட்டியலும் நீண்டது. பயணி புகார் சொன்னால் பஸ்ஸைப் போலீஸ் நிலையத்துக்கு ஓட்டிப் போகும் கடமை ஊழியர்களுக்கு வந்தது.

சட்டம் கண்டிப்பானது. தலைப்பு மட்டும் கேலி பேசியது. ஒரு பெண்ணின் உயிர் போனதால் வந்த சட்டத்துக்கு 'டீசிங்' என்று பெயர்! 2002-ல் அந்தப் பெயர் மாற்றப்பட்டு, 'பெண்ணுக்குத் தொல்லை கொடுத்தல் தடைச் சட்டம்' ஆனது. 2025 ஜனவரியில் சட்டப் பேரவை தண்டனையை மேலும் கடுமையாக்கித் திருத்தம் நிறைவேற்றியது.

பெயர் மாறினாலும் பழக்கம் மாறவில்லை. தென்காசி பஸ் நிலையத்தில் 1999-ல் குடிபோதையில் ஒரு பெண்ணிடம் முறைகேடாக நடந்ததாக ஒரு போலீஸ்காரர் மீது புகார் எழுந்தது. சாட்சிகள் பின்வாங்க, கிரிமினல் வழக்கில் அவர் விடுதலையானார். ஆனால் இலாகா விசாரணை அவரை வேலையிலிருந்து நீக்கியிருந்தது. 2012 நவம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம் அந்த நீக்கத்தை உறுதி செய்தது. பஸ் நிலையங்களிலும் பூங்காக்களிலும் சாதாரண உடையில் பெண் போலீஸ், கண்காணிப்பு கேமரா, உதவி எண் என்று நாடு முழுமைக்கும் உத்தரவுகள் போட்டது. 'ஈவ் டீசிங்' என்பது குற்றத்தைப் பூசி மெழுகும் சொல் என்பதையும் குறிப்பிட்டது. ஆனால் தீர்ப்பு நெடுகிலும் அதே சொல்தான். பத்து வருஷத்துக்கு முன்பே பெயர் மாறிய தமிழகச் சட்டமும் பழைய பெயரிலேயே அதில் இடம்பெற்றது.

அகராதி சாட்சி சொன்ன வழக்கு

ஒரு சொல்லின் பொருளில் வழக்கே தொங்கியதும் உண்டு. 1988-ல் சண்டீகரில் நடந்த ஒரு விருந்தில் பஞ்சாப் காவல் துறைத் தலைவர் கே.பி.எஸ். கில் தன்னிடம் அத்துமீறினார் என்று புகார் செய்தார் ஐ.ஏ.எஸ். அதிகாரி ரூபன் தியோல் பஜாஜ். உயர் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. பொருட்படுத்தத் தேவையில்லாத அற்பத் தீங்குக்கு வழக்கு வேண்டாம் என்று தண்டனைச் சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு. அது கைகொடுத்தது. 1995-ல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. பெண்ணின் 'மாடஸ்டி'க்குக் களங்கம் என்று 1860-ம் வருஷச் சட்டம் சொன்னதே தவிர, அது என்னவென்று விளக்கவில்லை. எனவே நீதிபதிகள் அகராதிகளைப் புரட்டினார்கள். நடந்தது அற்பமல்ல என்றார்கள். கடைசியில் கில் குற்றவாளி என்பது உறுதியானது. வழக்கு முற்றுப்பெற்றது 2005-ல், 17 வருஷம்.

டெல்லி பஸ் கொடுமைக்குப் பிறகு, நீதிபதி வர்மா குழுவின் அறிக்கையைத் தொடர்ந்து 2013-ல் வந்த திருத்தம்தான் பாலியல் தொல்லை, பின்தொடர்தல், ஒளிந்து பார்த்தல் ஆகியவற்றுக்குத் தனித்தனியே பெயர் வைத்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அவை 75, 78, 77-ம் பிரிவுகள். விருப்பமில்லை என்று சொன்ன பிறகும் ஒரு பெண்ணைப் பின்தொடர்ந்தால் மூன்று வருஷம் வரை சிறை. மறுபடி செய்தால் ஐந்து வருஷம் வரை. 'ஈவ் டீசிங்' என்ற பெயரில் அங்கே எந்தக் குற்றமும் கிடையாது.

2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் நீதிபதிகளுக்காக வெளியிட்ட கையேடு நேராகவே சொன்னது: 'ஈவ் டீசிங்' வேண்டாம், 'தெருவில் நடக்கும் பாலியல் தொல்லை' என்று எழுதுங்கள். வங்கதேசத்தின் உயர் நீதிமன்றம் 2011-லேயே, இந்தச் சொல் குற்றத்தின் கனத்தைக் குறைக்கிறது என்று அதை ஒதுக்கிவிட்டது.

ரோமியோ செய்த பாவம்

பெயர் தவறினால் ஆளும் தவறுவான். உத்தரப் பிரதேசத்தில் 2017-ல் 'ஆன்டி ரோமியோ' போலீஸ் படைகள் கிளம்பின. ஷேக்ஸ்பியரின் ரோமியோ யாரையும் துரத்தவில்லை. ஜூலியட்டும் அவனை மனமார விரும்பினாள். காதலன் பெயரை வைத்த படை காதலர்களைத் தேடிப் போனதில் வியப்பென்ன? சேர்ந்து உட்கார்ந்திருந்த ஜோடிகளை மிரட்டுகிறார்கள் என்று சில நாட்களிலேயே புகார்கள் கிளம்பின.

தமிழ் மட்டும் யோக்கியமல்ல. 'சில்மிஷம்' என்பது குழந்தையின் சேட்டைக்கும் புதுமணத் தம்பதியின் கொஞ்சலுக்கும் பொருந்தும். அதே சொல்தான் 'மாணவியிடம் சில்மிஷம்' என்று தலைப்பாகிறது. 'மானபங்கம்' என்றால் பங்கப்பட்டது அவள் மானம். சபை நடுவே துச்சாதனன் கை வைத்தபோது போனது யார் மானம் என்ற கேள்வி பாரதக் காலத்திலிருந்து பாக்கி. 'கற்பழிப்பு' இன்னும் மோசம். குற்றம் செய்தவன் ஒருவன், அழிந்துபோனதாகச் சொல்லப்படுவது அவள் கற்பு. இதை உணர்ந்துதான் பல பத்திரிகைகள் 'பாலியல் வன்கொடுமை'க்கு மாறின. 'சில்மிஷ'த்துக்குத்தான் இன்னும் விடுதலை கிடைக்கவில்லை.

மாற்றுச் சொல் தேடி அலைய வேண்டியதில்லை. என்ன நடந்ததோ அதை அப்படியே எழுதுவதே சரியான பிரயோகம். 'மூன்று நாளாகப் பின்னால் வந்தான்', 'கையைப் பிடித்து இழுத்தான்', 'ஆபாசமாகப் பேசினான்'. வினைச்சொல்லும் எழுவாயும் இருந்தால் போதும். ஒவ்வொன்றுக்கும் சட்டத்தில் ஓர் எண் இருக்கிறது. 'கேலி செய்தான்' என்று மட்டும் எழுதிய புகாரை, 'கண்டித்து அனுப்பிவிட்டோம்' என்று மூடிவைப்பது சுலபம்.

அக்ரஹாரம் பஸ் நிறுத்தத்தில் நிற்கும் அந்த மாணவிக்கு ஆங்கில இலக்கணம் பற்றிக் கவலை இருக்காது. நாளைக்கும் அதே நேரத்துக்கு அதே பஸ்ஸுக்கு அவள் நிற்க வேண்டும். அவன் வருவானா மாட்டானா என்பதை, இன்று அவள் புகாரில் எழுதப்படும் ஒரு வார்த்தையும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது.