காலம் மாறலாம், காரணம் மாறலாமா?

இசைக்கலைஞர் ஒருவரின் நெடிய வாழ்க்கையை இரண்டு மணி நேரத்துக்குள் கோத்துக் காட்ட வேண்டியிருப்பதால், பயோபிக் எனப்படும் வாழ்க்கை வரலாற்றுத் திரைப்படத்தில் சில நிகழ்ச்சிகளை விடுவதும் சிலவற்றை ஒன்றாகச் சேர்ப்பதும் தவிர்க்க இயலாதவை. ஆகவே அத்தகைய படத்தில் ஒவ்வொரு தேதியும் சரியாக அமைந்துள்ளதா என்று தேடுவதைவிட, அதில் செய்யப்பட்ட மாற்றங்கள் நிகழ்ச்சிகளின் வரிசையோடு நின்றுவிட்டனவா, எது எதற்குக் காரணம் என்பதையே திரித்துவிட்டனவா என்று ஆராய்வதே பயனுடையது.

பிரிட்டனின் குயீன் என்னும் ராக் இசைக்குழுவையும் அதன் பாடகர் ஃப்ரெடி மெர்குரியையும் பற்றி 2018இல் வெளிவந்து, நான்கு ஆஸ்கர் விருதுகளைப் பெற்ற ‘பொஹீமியன் ராப்சடி’ இவ்விரு வகை மாற்றங்களுக்கும் சான்றாகிறது. 1946இல் சான்சிபாரில் பார்சி குடும்பமொன்றில் பிறந்து, மகாராஷ்டிரத்தின் பஞ்ச்கனியில் பள்ளிக்கல்வி பெற்ற மெர்குரி, 1970இல் இக்குழு உருவானபோது அதன் பாடகரானார். 1971இல்தான் குழுவில் சேர்ந்த ஜான் டீக்கனைப் படம் முதல் கச்சேரியிலேயே மேடையேற்றுகிறது. 1977இல் வெளிவந்த ‘வி வில் ராக் யூ’ பாடல் 1980இல் உருவானதாகக் காட்டுகிறது. குழுவினரின் புதுமையை ஏற்க மறுக்கும் ரே ஃபாஸ்டர் என்னும் இசைநிறுவன அதிகாரியைக் கற்பனையாகப் படைக்கிறது. இவற்றால் கதை சுருங்குகிறதே தவிர, எவர்மீதும் பெரும்பழி விழுவதில்லை.

படத்தின் பிற்பகுதி அத்தகையதன்று. மெர்குரி தனி இசைத்தொகுப்புக்கு ஒப்பந்தம் செய்ததால் குழு உடைந்தது என்றும், பல ஆண்டுகள் கழித்து ‘லைவ் எய்ட்’ மேடைக்காகவே மீண்டும் கூடியது என்றும் அது சொல்கிறது. ஆனால், எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்காக 1985 ஜூலை 13 அன்று நடத்தப்பட்ட அப்பெரும் இசைநிகழ்ச்சிக்கு முந்திய ஆண்டில்தான் குயீன் ‘தி வொர்க்ஸ்’ தொகுப்பை வெளியிட்டிருந்தது. 1985 ஜனவரியில் ரியோ டி ஜெனிரோவிலும் மே மாதத்தில் ஜப்பானிலும் கச்சேரி செய்திருந்தது. தனித்தொகுப்பை முதலில் வெளியிட்டவரும் மெர்குரி அல்லர். டிரம்ஸ் கலைஞர் ரோஜர் டெய்லர் 1981லேயே அதைச் செய்திருந்தார்.

இதனினும் கனமான மாற்றம் நோயைப் பற்றியது. லைவ் எய்டுக்கு முன்பே தமக்கு எய்ட்ஸ் இருப்பதை மெர்குரி குழுவினரிடம் சொல்வதாகப் படம் காட்டுகிறது; ஆனால் நோய் உறுதியானது 1987இல் என்று அவருடைய துணைவர் ஜிம் ஹட்டன் தம் நினைவுக்குறிப்பில் பதிவு செய்துள்ளார். தனிவழி சென்றவர் நோயுற்று, வருந்தித் திரும்பி மன்னிப்புப் பெறுகிறார் என்னும் வரிசையில் நிகழ்ச்சிகளை அடுக்கும்போது, நோய் அவர் செய்த பிழைக்குக் கிடைத்த தண்டனை போன்ற தோற்றத்தைப் பெறுகிறது. எய்ட்ஸ் நோயாளிகளைச் சமூகம் பழித்து ஒதுக்கிய ஒரு காலத்தைப் பற்றிய படத்தில் இது சிறிய பிழையன்று. 1991இல் இறந்துவிட்ட மெர்குரியால் இதற்கு விடையளிக்கவும் இயலாது.

இத்தகைய சாய்வுக்குத் தொழில்சார்ந்த காரணமும் உண்டு. கலைஞரின் பாடல்களைப் படத்தில் பயன்படுத்த உரிமையாளரின் இசைவு தேவைப்படுவதால், உரிமையை வைத்திருக்கும் சகக்கலைஞரோ குடும்பத்தினரோ கதையின் போக்கிலும் செல்வாக்குப் பெறுகின்றனர். குயீன் படத்தின் உருவாக்கத்தில் குழு உறுப்பினர்களான பிரையன் மேயும் டெய்லரும் பங்குகொண்டனர். பாடகர் டேவிட் போவியைப் பற்றிய ‘ஸ்டார்டஸ்ட்’ படம், அவர் குடும்பத்தாரின் இசைவைப் பெறாததால், அவருடைய சொந்தப் பாடல்கள் இன்றியே 2020இல் வெளிவந்தது.

எனினும், கற்பனையைக் கையாள நேர்மையான வழியும் இருக்கிறது. எல்டன் ஜானின் வாழ்வைக் கூறும் ‘ராக்கெட்மேன்’ (2019), 1972இல் வெளிவந்த ‘குரோகடைல் ராக்’ பாடலை 1970ஆம் ஆண்டுக் கச்சேரியில் வைக்கிறது. ஆனால் அப்பாடலின்போது பாடகரும் கேட்போரும் தரையிலிருந்து எழுந்து காற்றில் மிதக்கின்றனர். காண்பது நினைவும் கனவும் கலந்த சித்திரம் என்பதை அக்காட்சியே உணர்த்திவிடுவதால் பார்வையாளர் ஏமாறுவதில்லை. ஆவணம் போன்ற தோற்றத்தோடு லைவ் எய்ட் மேடையை நுணுக்கமாக மீட்டமைக்கும் படத்துக்கோ, அந்நம்பகத்தன்மையைக் காட்டியே தவறான காரணத்தையும் நம்பவைக்கும் ஆற்றல் இருக்கிறது. உண்மைத் தோற்றம் எவ்வளவு கூடுகிறதோ, உண்மையைக் காக்கும் கடமையும் அவ்வளவு கூடுகிறது.