1000 இணைகளுக்கு 250: ஓஎல்இடி விளக்கின் தற்சுழற்சிக் கணக்கு

திருநெல்வேலியில் புவியின் காந்தப்புலம் சுமார் 40,000 நானோடெஸ்லா, அதாவது 0.04 மில்லிடெஸ்லா. காந்த நடுக்கோட்டை ஒட்டிய ஊர் என்பதால் திசைகாட்டியின் முள் இங்கே ஏறக்குறையப் படுக்கையாகவே நிற்கும். சுமார் 105 கிலோமீட்டர் உயரத்தில் பகலில் கிழக்கு நோக்கி மின்னோட்டம் பாய்கிறது. கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் அதைக் கண்காணிக்கிறது. நண்பகலையொட்டி அதனால் புலம் 100 நானோடெஸ்லா உயர்ந்தால், மாற்றம் 0.25 விழுக்காடு. 40,000, 100 என்ற இந்த இரண்டு நானோடெஸ்லா எண்களையும் அளவுகோலாக வைத்துக்கொண்டு செல்பேசித் திரைக்குள் நுழையலாம்.

அத்திரையில் ஒளிரும் கரிம விளக்கான ஓஎல்இடியில் ஓர் எலெக்ட்ரானும், எலெக்ட்ரான் இல்லாத இடமான ஒரு துளையும் சேரும்போது அவற்றின் தற்சுழற்சிகள் 4 வகையில் இணையலாம். 1 வகை ஒற்றை நிலை. 3 வகை மும்மை நிலை. சாதாரணக் கரிமப் பொருளில் ஒற்றை நிலை மட்டுமே ஒளிரும். ஆக, 1000 இணைகளில் 250 ஒளியாகின்றன; 750 வெப்பமாகின்றன. பிறந்த ஒளியிலும் சுமார் 20 விழுக்காடுதான் கண்ணாடியைக் கடந்து வெளியே வரும். மிச்சம் 50. கோடாக் நிறுவனத்தின் டாங்கும் வான் ஸ்லைக்கும் 1987இல் காட்டிய விளக்கு 10 அளவில் நின்றது.

அந்த 750ஐ மீட்பதே அடுத்த கால் நூற்றாண்டின் உழைப்பு. 1998இல் பிளாட்டினச் சேர்மம் 1000க்கு 40 கொடுத்தது. 1999இல் இரிடியம் 80. 2001இல் அதே இரிடியம் 190. 2012இல் கியூஷு பல்கலைக்கழகத்தில் அடாச்சி குழு அரிய உலோகமே இல்லாமல் 190ஐத் தாண்டியது. அரிய உலோகத்தின் செலவே இல்லாத அந்த எண்ணைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

இத்தகைய விளக்கில் பாயும் மின்னோட்டத்தின் கணக்கு இன்னும் வியப்பானது. 2004இல் அயோவா பல்கலைக்கழகத்தில், அறை வெப்பநிலையில், 10 மில்லிடெஸ்லா புலத்தில் பாலிஃபுளோரின் என்ற கரிமப் பொருளாலான விளக்கின் மின்தடை 10 விழுக்காடு வரை மாறியது. அந்தப் புலம் திருநெல்வேலிப் புலத்தைப் போல் 250 மடங்குதான். எலெக்ட்ரானுக்கு அது தரும் ஆற்றல் 1.16 மைக்ரோ எலெக்ட்ரான் வோல்ட். அறை வெப்பத்தின் ஆற்றல் சுமார் 26 மில்லி எலெக்ட்ரான் வோல்ட், ஏறத்தாழ 22,000 மடங்கு. ஆற்றலால் மட்டும் இதை விளக்க முடியாது. மூலக்கூறிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள் சில மில்லிடெஸ்லா புலத்தால் இணைகளை ஒற்றைக்கும் மும்மைக்கும் இடையே மாற்றிக்கொண்டே இருக்கின்றன. வெளிப்புலம் அந்த அணுக்கருப் புலத்தை மிஞ்சியதும் அந்த மாற்றத்தின் பெரும்பகுதி தடைபடுகிறது. 2010இல் யூட்டா பல்கலைக்கழகத்தினர் ஹைட்ரஜனுக்குப் பதில் அதன் கனமான வடிவமான டியூட்டீரியத்தை இட்டபோது புலத்துக்கான எதிர்வினையின் அகலம் குறைந்தது. அணுக்கருவின் பங்குக்கு இது வலுவான சான்று.

2012இல் அதே பல்கலைக்கழகத்தில் ஒரு கரிமப் படலம் காந்தமானியாகவே வேலை செய்தது. 1 விநாடி அளவீட்டில் அதன் நுட்பம் சுமார் 50 நானோடெஸ்லா. புரோட்டான் காந்தமானிகள் 0.1 நானோடெஸ்லாவையும் பிரித்தறியும்; இடைவெளி 500 மடங்கு. படலம் நம்பியிருக்கும் எலெக்ட்ரானின் ஒத்திசைவு அதிர்வெண் திருநெல்வேலியில் 1.12 மெகாஹெர்ட்ஸ்; 100 நானோடெஸ்லா உயர்வு அதை சுமார் 2,800 ஹெர்ட்ஸ் நகர்த்தும், புரோட்டானையோ 4.3 ஹெர்ட்ஸ் மட்டுமே. ஆனால் படலத்தின் ஒத்திசைவு அகலம் 1 மில்லிடெஸ்லா என்று கொண்டாலும் அது உள்ளூர்ப் புலத்தைப் போல் 25 மடங்கு. ஹைட்ரஜன் முழுவதையும் டியூட்டீரியமாக்கினால் அணுக்கருப் புலம் கணக்குப்படி சுமார் 4 மடங்கு குறையும். அப்போதும் அகலம் 0.25 மில்லிடெஸ்லா, திருநெல்வேலிப் புலத்தைப் போல் சுமார் 6 மடங்கு.